கோல்கள்: 0

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஜெர்மனியில் எங்கள் ஊர் கார்ல்ஸ்ரூஹே தமிழ் நண்பர்கள், 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். கூட்டத்தில் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு மிஞ்சியது 'பழைய காலம்'. நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் உலை சூடாகும் நேரத்தில் இணையத்தில் தேடினேன். ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அகப்பட்டார். தடுப்பாட்டக்காரர். 1908 முதல் 1914 வரை ஒரே அணி. கோல்கள்: 0. பிறகு முழங்கால் முறிவு. பக்கம் அத்துடன் முடிந்தது.

(பெயரை மாற்றிவிட்டேன். இனி அவர் ஆர்ச்சி.)

2
முதல் தொடக்கம்: 'கிளாஸ்கோவில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆர்ச்சி' –

வேண்டாம். நான் கிளாஸ்கோவைப் பார்த்ததில்லை.

இரண்டாவது: 'சுரங்க வேலை முடிந்து, கரி படிந்த முகத்தோடு ஆர்ச்சி' –

இதுவும் ஊகம். ஏழை என்றால் உடனே சுரங்கத்தில் இறக்கிவிடுகிறோம்.

மூன்றாவது: 'பந்து வந்தது. ஆர்ச்சி அதை வெளியே தள்ளினார்.'

இது நிச்சயம் நடந்தது. அவருடைய வேலையே அதுதான். இப்படியே முழங்கால் முறிவு வரை எழுதிக் கொடுத்தேன்.

3
மலரின் ஆசிரியர் உதய் அண்ணா தொலைபேசியில் அழைத்தார்.

"மது, ஸ்டோரி சூப்பர்மா. ஆனா ஹீரோ ஒரு கோல்கூட அடிக்கலையே?"

"அவர் டிஃபெண்டர் அண்ணா."

"இருக்கட்டுமே. வேர்ல்ட் கப் ஸ்பெஷல் இது. கடைசி நிமிஷம், உடைஞ்ச காலோட ஒரு கோல். நானே சேர்த்துட்டேன். படிச்சுட்டு என் வொய்ஃப் அழுதுட்டா!"

"அவர் அடிக்கல..."

"யாரும்மா செக் பண்ணப் போறா? ஆளே போய்ச் சேர்ந்தாச்சு."

நான் "ம்" என்றேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

4
[இது கதையில் சேராது. ஆனாலும் கோடு போட்டு அடிக்க மாட்டேன்.]

பூஜ்யம் ஓர் அளவீடு. நான் ஆராயும் உலோகக் கலவை ஹைட்ரஜனை உறிஞ்சவில்லை. என் வரைபடத்தில் தட்டையான ஒரு கோடு. அதை உறிஞ்சியதாக நான் வளைத்து வரைந்தால் மோசடி என்று வெளியே அனுப்புவார்கள். கதையில் வளைத்தால் ஒருவர் மனைவி அழுகிறார்.

ஆர்ச்சி போன்றவர்கள் பாதி மைதானத்தைத் தாண்டினாலே திட்டு விழும். அவர்களால் எதிரணிக்குக் கிடைக்காமல் போன கோல்களைக் குறிக்க அந்த இணையப் பக்கத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் செய்ததை யாரும் எண்ணவில்லை. செய்யாததை இப்போது பரிசாகக் கொடுக்கிறோம். என்ன தாராளம்!

5
மறுநாள் டிராம் நிறுத்தத்தில் நின்று உதய் அண்ணாவை நானே அழைத்தேன். கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அது உதவியது.

"அந்தக் கோலை எடுத்துடுங்கண்ணா. இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க."

"அடேயப்பா! மதுவா பேசறது? உனக்குக் கோபமெல்லாம் வருமா?"

"வருது."

"சரி தாயே, எடுத்துடறேன். ஆனா கோல் போனா கதைக்கு எண்டிங் இல்லையே. சாயங்காலம் பிரிண்டுக்குப் போகுது. நீயே ஒண்ணு எழுதி அனுப்பு."

6
முழங்கால் முறிந்து அழுதார் என்று முடிக்கலாம். ஊர் திரும்பிக் கடை வைத்தார் என்று –

இல்லை. எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்.

பந்து வருகிறது. ஆர்ச்சி நிற்கிறார். முழங்கால் இன்னும் முறியவில்லை. இதற்குப் பிறகு உள்ள வெற்றிடம் உங்களுடையது. விருப்பம்போல் ஒரு கோல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோல் கம்பங்கள் அவருக்குப் பின்னால் இருக்கின்றன.

முதலில் அவரைத் தாண்டுங்கள்.