எண்பத்திரண்டு மார்க்

எங்கள் முதியோர் வகுப்பில் படித்த பதினோரு பேரும் பாஸ். அதில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. இரண்டுக்கும் நான்தான் காரணம்.

என் பேர் கலைமதி. பி.எட். முடித்து ஒன்பது வருஷம். கறம்பக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் மூன்று வருஷம், தனியார் பள்ளியில் நாலு வருஷம் என்று தேய்ந்த பிறகு, ஒரு அறக்கட்டளை நடத்திய இலவச வகுப்புக்கு டீச்சரானேன். ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக்கூடத்தில் மூன்றரை மணிக்கு வகுப்பு. நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு அப்படியே வருவார்கள். அறுபதுக்குக் கீழே யாரும் கிடையாது. செவ்வாய்க்கிழமை மட்டும் வெளியிலிருந்து யாராவது வந்து பேசுவார்கள். சர்க்கரை, பாம்புக்கடி, பென்ஷன் என்று ஏதாவது. பேச வருகிறவருக்கு மனசு இருந்தால் சுண்டலும் கூட வரும்.

பொன்னுத்தாய் அயித்தைக்கு அறுபத்தெட்டு வயது. எனக்குச் சொந்தமில்லை, ஊர் முறைக்கு அயித்தை. பிள்ளை இல்லை. ஓட்டு வீடும் அதை ஒட்டி ஒன்றே கால் ஏக்கர் முந்திரிக் கொல்லையும்தான் அவளுக்கு எல்லாம். கஜா புயலில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்த பிறகு, புருஷனும் பொண்டாட்டியுமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த கன்றுகள் அவை. புருஷன் மலையாண்டி அடுத்த வருஷமே செத்துப்போனார். காய்த்ததை அவர் பார்க்கவில்லை.

"இந்த வயசுல எதுக்கு அயித்தை படிப்பு?" என்று முதல் நாள் கேட்டேன்.

"எவனாவது கோவத்துல போடி கைநாட்டுன்னு சொல்லிட்டா அன்னைக்குச் சோறு எறங்காது ஆத்தா. சாகுறதுக்குள்ள என் பேர நானே எழுதிப்புடணும்."

அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் ரகுநாத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "பார்வையிட வர்றவங்க ஆனா ஆவன்னாவா கேக்கப் போறாங்க மேடம்? கையெழுத்துப் போடுறாங்களான்னுதான் பாப்பாங்க. மொதல்ல பேரு, எழுத்தெல்லாம் பொறவு" என்றார். அந்தப் பொறவு வரவே இல்லை.

பேரை எழுத நான் கற்றுக் கொடுக்கவில்லை, வரையக் கற்றுக் கொடுத்தேன். அயித்தை ஆடு மேய்க்கும் இடத்தில் குச்சியால் மண்ணில் வரைவாள். அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் வரைவாள். ஆறு எழுத்துக்கு இரண்டு மாசம் பிடித்தது. அப்புறம் வாசிப்பு என்று ஒன்று. போர்டில் நான் ஒரு பத்தி எழுதி, நடுநடுவே எல்லோர் பேரையும் நுழைத்துவிடுவேன். ஒவ்வொருத்தராக வந்து தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும். போட்டதும், "வாசிச்சாச்சு! கை தட்டுங்க" என்பேன். கூடமே அதிரும். அதற்குப் பேர் வாசிப்பு என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான்.

மாசியில் பரீட்சை. பத்துப் பேராவது தேறினால் மையம் தொடரும், எனக்கு நாலு ஊருக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை. பதினோரு பேரும் தாளின் மேலே பேரை எழுதிவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, பதினோரு தாளையும் நானே எழுதினேன். எழுத்து வயசானவர்கள் எழுத்து மாதிரி ஆட வேண்டுமே என்று இடது கையால் எழுதினேன். எவ்வளவு புத்தி எனக்கு!

பொன்னுத்தாய்க்கு எண்பத்திரண்டு மார்க். "எழுதப் படிக்கத் தெரிந்தவர்" என்று அச்சடித்த சான்றிதழ், அடியில் என் கையெழுத்து. கண்ணாடி போட்டுப் புருஷன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சந்தனம் வைத்தாள். பார்க்கும்போதெல்லாம் என் கையெழுத்தின் மேல் கண் படாமல் திரும்பிக்கொள்வேன். ஆனாலும் சிரித்துவைப்பேன்.

அந்த வைகாசியில் சிவபிரகாஷ் வந்தான். மலையாண்டியின் தம்பி மகன். துபாயிலிருந்து திரும்பியவன். வாரம் தவறாமல் கட்டுமாவடி மீன் வாங்கிக்கொண்டு வந்து "பெரியாத்தா" என்று வாசலில் நின்றான். அயித்தை உருகிப்போனாள். பட்டா இன்னும் பெரியப்பா பேரில் கிடக்கிறது, உங்க பேருக்கு மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட வாங்க என்று பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான்.

ஆவணியில் வீட்டுக்கு வேறு பூட்டு தொங்கியது. அயித்தையின் பாயும் தட்டுமுட்டுச் சாமானும் ஆட்டுக்கொட்டகையில் கிடந்தன. கொல்லையில் மரத்தை அளந்து கொண்டிருந்தார்கள். வீடு, கொல்லை எல்லாவற்றையும் அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நான் ஓடினேன்.

"என்ன அயித்தை நடந்துச்சு?"

"பத்திரம் எழுதுறவரு, கைநாட்டா ஆத்தான்னு மைப்பெட்டிய எடுத்தாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இல்லய்யா, கையெழுத்துன்னேன். கைநாட்டுன்னா பூராத்தையும் வாசிச்சுக் காட்டணும், நமக்கு அந்த வேல மிச்சமுன்னு சிரிச்சாரு."

"ஆபீசர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. படிச்சுப் பாத்தீங்களாம்மான்னு கேட்டாரு. என் பேரு மூணு எடத்துல இருந்துச்சு ஆத்தா. மூணையும் கண்டுபிடிச்சுட்டேன். வாசிச்சிட்டேன்யான்னேன். பின்னாடி நின்ன சனமெல்லாம் என்னையத்தான் பாத்துச்சு."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சுக்கு நானே பிரகதீஸ்வரி என்ற வக்கீலம்மாவை அழைத்தேன். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளாமல் சொத்தை வாங்கிக்கொண்டவர்கள் மேல் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம் என்று அவர் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு தனியாக, "படிக்கத் தெரியாதவங்கன்னு காட்டிட்டா கேஸ் நிக்கும். அது இல்லேன்னா கஷ்டம்" என்றார். மனுவை நான்தான் எழுதினேன். "எழுதப் படிக்கத் தெரியாத என்னை ஏமாற்றி" என்று என் கையாலேயே எழுதினேன். அடியில் அயித்தை அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசாரணை அன்று காலையில் ரகுநாத் போன் செய்தார். "மேடம், ஒருங்கிணைப்பாளர் ஆர்டர் ரெடியா இருக்கு. அங்கிட்டுப் போயி எதையாவது உளறி வச்சிராதீங்க. பதினோரு சர்டிபிகேட்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

நானும் அயித்தையும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்த வறுத்த முந்திரியை எடுத்து என் கையில் திணித்தாள். "நீ வர்றதுதான் ஆத்தா எனக்குத் தெம்பு. நீ சொன்னா நம்புவாங்க. டீச்சரு இல்லையா?" என்றாள்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சிவபிரகாஷ் வக்கீலோடு வந்திருந்தான். கையில் துணியில் சுற்றிய ஒரு பொருள். பிரித்து மேஜைமேல் வைத்தான். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ். கண்ணாடியின் மூலையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எழுதப் படிக்கத் தெரியாதுன்னு மனு போட்டிருக்காங்க. எண்பத்திரண்டு மார்க் வாங்கியிருக்காங்க சார். மனுவுலயே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார் வக்கீல்.

விசாரணை அதிகாரி ஒரு பேப்பரை அயித்தை பக்கம் தள்ளி, "இதைப் படிங்கம்மா" என்றார். அயித்தை குனிந்து வரிவரியாக விரலை ஓட்டினாள். தன் பேரைத் தேடினாள். பேப்பரில் அது இல்லை. "இதுல ஒண்ணும் இல்லய்யா" என்றாள்.

வக்கீல் சிரித்தார். "தெரிஞ்சே தெரியாத மாதிரி இருக்காங்க சார். இந்தா நிக்கிறாங்களே அவங்க டீச்சர், கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அயித்தையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி பயம் இல்லை.

"சொல்லுங்கம்மா, இந்தச் சான்றிதழ் நீங்க குடுத்ததுதானே? இவங்களுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது சார், அந்தத் தாளை எழுதினது நான்தான் என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் வேலை. வாய் வரைக்கும் வந்தது. போலிச் சான்றிதழ் என்று என் மேல் கேஸ் வரும், வேலை போகும், இனி எந்தப் பள்ளிக்கூடமும் என்னை வாசலில் சேர்க்காது என்பதெல்லாமும் கூடவே வந்தது.

"பரீட்சையில பாஸ் பண்ணாங்க சார்" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அயித்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் என் முகத்தில் எழுதியிருந்த அத்தனையையும் அன்றைக்குப் படித்துவிட்டாள்.

மனுவை ஏற்க முகாந்திரமில்லை, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி எழுதினார். அயித்தைக்கு அதன் அர்த்தத்தை வக்கீலின் சிரிப்பே சொல்லியிருக்கும். நகலைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க, கிளார்க் நோட்டைத் திருப்பிவைத்துப் பேனாவை நீட்டினார்.

அயித்தை பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டை விரலை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா."

"தெரியாதுங்கய்யா."

"என்னம்மா இது, எண்பத்திரண்டு மார்க் வாங்கியிருக்கீங்க, பாஸுன்னு இப்பத்தானே உங்க டீச்சரம்மா சொன்னாங்க?"

"எனக்கு எழுதத் தெரியாதுய்யா. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே மைப்பெட்டியைத் தேடி எடுத்தார். அயித்தை விரலை அழுத்தி உருட்டிவைத்தாள். எத்தனையோ வருஷப் பழக்கம், தடுமாறவே இல்லை. மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். சான்றிதழ் மேஜைமேலேயே கிடந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. "அயித்தை, உக்காருங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.