மஞ்சள் துணியில் வந்த பன்னீர்

ஆடி பிறந்துவிட்டால் தணிகை மலைமேல் வெயிலும் முகிலும் மாறிமாறி நிழல் விரிக்கும். மேல்காற்று புழுதியைக் கிளப்பி ஓயும். எங்கோ பெய்த மழையின் ஈரம் மட்டும் ஊருக்குள் வந்து சேரும். பொதட்டூர்பேட்டைப் பேருந்திலிருந்து மஞ்சள் உடுத்தோர் இறங்கியவண்ணம் இருப்பர். பூக்காவடிகளின் மணம் அவர்களுக்கு முன்னே படியேறும். உள்ளம் தானே பின்னோக்கித் திரும்பும் பருவம் அது.

மணியம்மை மறைந்தபின் வரும் முதல் ஆடிக் கிருத்திகை. ஆனந்தன் பெட்டியைத் திறந்து, மனைவி மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்தார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், இஸ்தான்புல்லில் வாழும் மகள் அனிதாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் பிழைத்தெழுந்தால் அவ்வூர்ப் பன்னீரால் கிருத்திகையன்று முருகனுக்கு அபிஷேகம் செய்விப்பதாக மணியம்மை வேண்டிக்கொண்டாள். மகள் தேறினாள். ஊர் திரும்பும்போது, விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையில் அரை லிட்டர்ப் பன்னீர் வாங்கினார்கள். கடைப்பெண் புட்டியைப் பையிலிட்டு முத்திரை ஒட்டி, சென்னை சேரும்வரை பிரிக்கலாகாது என்று சைகையாலும் உணர்த்தினாள்.

வானில் ஆனந்தன் கண்ணயர்ந்த வேளை, மணியம்மை பையைக் கிழித்தாள். வேண்டுதல் பொருளின் கழுத்தில், மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டவேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

வளைகுடா நகரொன்றில் விமானம் மாறினார்கள். அங்கே சோதனை அதிகாரி கிழிந்த பையைத் தூக்கிக் காட்டினார். முத்திரை உடைந்தபின், நூறு மில்லிக்கு மேற்பட்ட புட்டி போகாது என்றார். ரசீது காட்டியும் பயனில்லை. கிருத்திகைக்கு மூன்றே நாள் இருந்தது.

"இன்னாத்துக்குக் கிழிச்ச?" என்றார் ஆனந்தன்.

"முடிப்பு கட்டாத வரைக்கும் அது கடைச்சரக்குதாங்க. கட்டினாத்தான் சாமியோடது."

"சாமியோடது இப்ப குப்பைத்தொட்டிக்குப் போவுது."

மணியம்மை முடிப்பை அவிழ்த்துக் காசை இடுப்பில் செருகினாள். புட்டியைத் திறந்து, துணி குடிக்கும் மட்டும் பன்னீரை வார்த்தாள். சொட்டாதபடி பிழிந்து, துணியைத் தட்டில் வைத்தாள். அதிகாரி அதை விரலால் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார். புட்டி மட்டும் அங்கேயே நின்றது.

விமானம் எழும்பியதும் ரோசா மணம் இருக்கையைச் சூழ்ந்தது. ஆனந்தன் குனிந்தார்.

"மோந்து பாக்காதீங்க. அவருக்கு முந்தி உங்க மூக்கா?"

சென்னை வரும்வரை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார் அவர்.

கிருத்திகையன்று மலையடிக் கடையில் பன்னீர் வாங்கி, அதில் அத்துணியை நனைத்துப் பிழிந்து குருக்களிடம் கொடுத்தாள் மணியம்மை. வேண்டுதல் நிறைந்தும் அவள் விடவில்லை. ஆண்டுதோறும் அப்படியே செய்தாள்.

இப்போது ஆனந்தன் தனியே படியேறினார். மேலே, செம்பிலிருந்த பன்னீரில் துணியைத் தோய்த்து, அவள் பிழிந்ததுபோலவே மெல்லப் பிழிந்து, செம்பையும் துணியையும் குருக்களிடம் கொடுத்தார். அதுவரை மணத்துக்கு முகம் கொடுக்கவில்லை. அபிஷேகம் முடிந்து குருக்கள் துணியைத் திருப்பித் தந்தபோதுதான், அதை இரு கண்களிலும் ஒற்றி, மூச்சை நிறைத்துக்கொண்டார்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள், திருநீற்றை எடுத்தபடி.

"அனிதா." துணியை மடித்துக்கொண்டே, "மணியம்மை" என்றார்.

அவள் மறைவைக் கேள்விப்பட்டிருந்த குருக்கள் இருவருக்குமாகத் திருநீறு அளித்தார்.

"பொண்ணு தீர்க்காயுசா இருக்கட்டும். அம்மா முருகன் நிழல்ல குளிர்ந்திருக்கட்டும்."