எல்லா வருஷமும் தேறிய பஸ்

மேல்மலையிலும் கீழ்மலையிலும் வாழும் சகல பொதுமக்களுக்கும், கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வாகனங்களுக்கும், நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாடுகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கவுஞ்சியிலிருந்து தினமும் வெள்ளனே கொடைக்கானலுக்குப் புறப்படும் ஞானவேல் மினி பஸ் இல்லாமல் போய் இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அது ஒரு டிரிப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

முதலில் போனது பிரேக். தேய்ந்தும் போகவில்லை, அறுந்தும் போகவில்லை. வருஷா வருஷம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையான எஃப்.சி. முடிந்து மலையேறி வந்த மறுநாள், பூம்பாறை இறக்கத்தில் டிரைவர் சோலைமுத்து காலை வைத்தபோது பெடல் இருந்த இடத்தில் அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. மண் திட்டில் பஸ்ஸை உரசி, ஒரு கேரட் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். அவருக்கு நேர் பின்னால், பூண்டு மூட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது அவர் மனைவி அமிர்தவல்லி. டவுன் மார்க்கெட்டுக்குத் தினமும் அதே பஸ், அதே சீட். "வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கங்க. ஊரையே சேத்துக் கொல்லப் பாக்குறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து சோலைமுத்துவுக்கு முதுகு கூசத் தொடங்கியது. தூக்கமும் போயிற்று.

முதலாளி ஞானவேல் பழனியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் கொஞ்சமும் பதறவில்லை. "எஃப்.சி.ல ஃபெயிலாச்சுன்னா அன்னைக்கே புது பிரேக் மாட்டித் தர்றேன்ப்பா. தேறின வண்டியில கையை வச்சா அது அரசாங்கத்தை அவமானப்படுத்துற சோலி" என்றார். ஆகவே, தன் வண்டி ஃபெயிலாக வேண்டும் என்று பழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்ட முதல் டிரைவர் சோலைமுத்துதான். அதுவரை எல்லோரும் வேறு விதமாகவே வேண்டியிருந்தார்கள்; முருகனுக்கும் இது புதுசாக இருந்திருக்கும்.

அடிவாரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் 'எஃப்.சி. செட்' என்று ஒன்று உண்டு. தேயாத டயர்கள், சிவப்புத் தீயணைப்பு உருளை, முதலுதவிப் பெட்டி. கல்யாண வீட்டுக்கு இரவல் நகை மாதிரி, மலை வண்டிகளெல்லாம் அதையே முறைவைத்துப் பூட்டிக்கொண்டு ஆய்வு மைதானத்துக்குப் போய், சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிடும். மைதானத்தில் ஆய்வாளர் குமரகுரு கறுப்புக் கண்ணாடியோடு நிற்பார். பொதுமக்களின் இன்னுயிர் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றிய பிறகே வண்டியைத் தொடுவார். நம்பர் பிளேட் எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளப்பார். ஒளிரும் பட்டையை நகத்தால் சுரண்டுவார். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' போர்டில் எழுத்துப் பிழை உண்டா என்று வாய்விட்டு வாசிப்பார். கடைசியாக, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றச் சொல்வார். பழம் நசுங்கினால் வண்டி ஓடுகிறது. மற்றதையெல்லாம் நிழலில் உட்கார்ந்து டிக் அடிப்பார்.

"சார், பிரேக்கு இல்லங்க" என்றார் சோலைமுத்து, இரண்டாம் வருஷம்.

"எந்த ஊர்லேர்ந்து வர்ற?"

"கவுஞ்சிங்க."

"அம்புட்டு மலையும் இறங்கி முழுசா வந்து நிக்கிற. பிரேக் இல்லாமலா வந்த? ஏலே, நான் இன்ஸ்பெக்டரா, நீயா?" என்று சொல்லிக்கொண்டே குமரகுரு டிக் அடித்தார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் ஊருக்குப் பிடிபட்டது. ஆய்வாளர் கண்ணால் பார்த்தவை பஸ்ஸில் தங்கின. பார்க்காமல் டிக் அடித்தவை ஒவ்வொன்றாக மறைந்தன. நன்றாக இருப்பதாகக் காகிதமே சொல்லும்போது இரும்பில் வேறு எதற்கு இருக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றியிருக்கலாம். ஆவணியில் ஹாரன் போயிற்று. ஐப்பசி மழையில் கூரை. கியர்பாக்ஸ் போன அன்று ஏற்றம் சுலபமாக இருந்ததாகச் சோலைமுத்து ஒப்புக்கொண்டார். தைப்பூசத்துக்குள் இன்ஜின், சீட், தரை எல்லாம் போய், அந்தரத்தில் ஒரு நம்பர் பிளேட்டும் ஒளிரும் பட்டையும் போர்டும் மிஞ்சின. ஜனங்கள் வழக்கமான இடத்தில் காற்றில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை குறையவில்லை. ஆனால் பூம்பாறை இறக்கம் அப்படியேதான் இருந்தது. அமிர்தவல்லியும் அதே சீட்டில்தான் இருந்தாள். "நாளைக்கு ஜீப்புல போடி" என்று சோலைமுத்து கெஞ்சினால், "அதுக்கு மட்டும் என்ன கெடக்கு? அதுவும் தேறின வண்டிதான்" என்பாள்.

மூன்றாம் வருஷ எஃப்.சி.க்கு ஞானவேலே நேரில் வந்தார். ஒர்க்‌ஷாப்காரர் இரவல் டயர்களை மாட்ட இடம் தேடிவிட்டு, பக்கத்தில் சாய்த்து வைத்தார். குமரகுரு மூன்று சுற்றுச் சுற்றினார். எழுத்து உயரம் சரி, பட்டை சரி, பிழை இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காமல் கிடந்தது. குமரகுருவின் நெற்றி சுருங்கியது. அந்த நிமிஷம் மட்டும் முருகன் கேட்டுவிட்டதாகவே சோலைமுத்து நம்பினார். ஞானவேல் முன்னால் போய் ஷூ காலால் பழத்தை மிதித்தார். "பலே, வண்டி கண்டிஷனா வச்சிருக்கீங்க" என்றார் குமரகுரு.

மறுவாரம் பூம்பாறை இறக்கத்தில், வளைவு தாண்டியதும் நடுரோட்டில் ஒரு சினைப்பசு படுத்திருந்தது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். சோலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அமிர்தவல்லி மூடவில்லை. "ஏலே, வெரசா எல்லாரும் காலை ஊனுங்கடா!" என்று அவள் போட்ட சத்தத்தில், பூண்டுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கேரட் வியாபாரியும் தார் ரோட்டில் குதிகாலை அழுத்தினார்கள். போர்டில் கரமும் சிரமும்தான் தடை. காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பஸ் பசுவின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றது. பசு திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது.

இன்று மலையிலேயே நம்பிக்கையான பிரேக் அந்தப் பஸ்ஸில்தான் இருக்கிறது என்று மற்ற டிரைவர்களே சொல்கிறார்கள். சோலைமுத்து நன்றாகத் தூங்குகிறார். கேட்டது ஃபெயில், கிடைத்தது பிரேக் என்றாலும், கணக்குப் பார்க்காமல் மொட்டை போட்டுவிட்டு வந்தார். பாதுகாப்பில் சிறந்த வாகனம் என்று குமரகுரு கையால் ஞானவேலுக்குக் கேடயம் வழங்கப்பட்டது. அதை மாட்ட பஸ்ஸில் இடமில்லாததால் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

செருப்பு தேய்ந்தால் பஸ் நிர்வாகம் பொறுப்பல்ல.