அழும்வரை

மந்திரத் தீவுக் கதைகளின் இரண்டாம் பாகம் ஒரு பிரதிகூட எங்கள் பதிப்பகத்தில் இல்லை என்பது, ஐந்து பாகங்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் தெரிந்தது. கிடங்கு ஒழுகியபோது கூழாகிப் போனவற்றில் அதுவும் ஒன்று. வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம் என்று அறிவிப்புப் போட்டோம். நான்காம் நாள் மதியம், நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றாள். வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கைப்பையில் திணித்திருந்தாள். புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள்.

“இரவல்தான் மேடம். எனக்குத் திரும்ப வேணும்” என்றாள், உட்காருவதற்கு முன்பே.

அதைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்தப் பழைய அறை ஞாபகம் வந்துவிட்டது. மந்திரத் தீவுக் கதைகளை மொழிபெயர்த்தவரை நாங்கள் தீவுக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் தன் கையெழுத்துப் பிரதியை வாசிக்க, நான் அச்சுப்படியில் சிவப்புப் பேனாவோடு பின்தொடர்வேன். கதாபாத்திரங்களின் குரலில் வாசிக்காவிட்டால் அவருக்கு வாசித்த மாதிரியே இருக்காது. கடற்பூதம் பேசும் இடம் வந்தால் பைண்டிங் பெண்கள் பசைக்கையோடு வாசலில் வந்து நிற்பார்கள். “இங்க என்ன கூத்தா நடக்குது” என்று முதலாளி வருவார். வந்தவரும் அத்தியாயம் முடியாமல் நகரமாட்டார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. காலையில் அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவேன்.

இரண்டாம் பாகத்தில்தான் காப்புக்கட்டு வருகிறது. படகோட்டி ஒருவன் தன் இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டிலும் ஈர நூலால் முடிச்சுப் போடுகிறான். போடும்போதே, தனக்கு மிச்சமிருக்கும் நாட்களை எல்லாம் அந்த முடிச்சுக்குள் வைத்துவிடுகிறான். பொழுது சாய்வதற்குள் அவன் இல்லை. அதன்பின் எந்தப் பூதமும் பிள்ளைகளை நெருங்க முடியாது. ஆனால் கட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு.

புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. வரியின் கீழே பென்சில் கோடு, தாள் பள்ளமாகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது. ‘கட்டியவனை நினைத்துப் பிள்ளைகள் அழாதவரை கட்டு நிற்கும்.’

“இந்த வரிதான் மேடம் எங்களை வளத்துச்சு” என்றாள்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போன கட்டடத்தில் விழுந்து இறந்தபோது அவளுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஆறு. அந்த மாதம்தான் யாரோ இந்த ஒரு பாகத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். தம்பிக்கு உதடு பிதுங்கும்போதெல்லாம் அவன் மணிக்கட்டைப் பிடித்து, அழுதால் அப்பா போட்ட கட்டு அவிழ்ந்துவிடும் என்பாளாம். அவன் மூச்சைப் பிடித்து முகம் சிவக்க நிற்பானாம். துக்கத்துக்கு வந்தவர்கள் இவர்களைக் கல்நெஞ்சுப் பிள்ளைகள் என்று பேசியிருக்கிறார்கள். இருவரும் காவல் நிற்பதுபோல அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்களாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது எதற்கும் பயமில்லை, தெருநாய்க்குக்கூடப் பயந்ததில்லை என்றாள். தம்பி இப்போது பேக்கரி வைத்திருக்கிறான். இரண்டு வயதில் மகள்.

“அவ பொறந்தப்பகூட அவன் அழல. கண்ணு செவந்துச்சு, எந்திரிச்சு வெளிய போய்ட்டான்.”

நான் புத்தகத்தை மூடினேன். பிறகு மறுபடியும் திறந்தேன்.

தீவுக்காரர் எழுதியிருந்தது ‘அழும்வரை’ என்று. பிள்ளைகள் அழுகிற காலமெல்லாம் கட்டு நிற்கும் என்ற அர்த்தத்தில். அன்று அவருக்குக் காய்ச்சல்; நான் தனியாக உட்கார்ந்து திருத்தினேன். அழுகை வந்துவிடும் கணம்வரை என்று எடுத்துக்கொண்டு, வாசகருக்குக் குழப்பம் வேண்டாமே என்று ‘அழாதவரை’ ஆக்கினேன். ஐந்தாம் பாகத்தில் பிள்ளைகள் அழ அழ முடிச்சு இறுகுகிற இடம் வந்தபோதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் அவர் இறந்துவிட்டார்; அடுத்த பதிப்பு வரவேயில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தொகுப்பு வந்ததும் அவள் முதல் ஆளாக வாங்குவாள், நேரே அந்தப் பக்கத்துக்குப் போவாள். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்களோ. அலமாரியிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“மாத்தினது நான்தாம்மா. தப்பு என்னோடது.”

அவள் அந்த நீல மசி எழுத்தின்மேல் விரல் வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அவனை ஒரு தடவை அடிச்சிருக்கேன் மேடம்,” என்றாள். “அப்பா செருப்பைப் பாத்து அழுதான்னு.”

பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். தம்பியின் குரல் எனக்கே கேட்டது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். கடையில் கூட்டம், அப்புறம் பேசலாமா என்று கேட்டான். இல்லை, இப்போதே கேள் என்று இவள் சொல்லி, வரியை வாசித்துக் காட்டினாள். “அக்கா தப்பாச் சொல்லிட்டேன்டா” என்றாள்.

தட்டுச் சத்தம் தள்ளிப்போய், ஒரு கதவு சாத்தப்பட்டது. அதற்குப்பின் அந்தப் பக்கமிருந்து விம்மல்தான் கேட்டது. நான் அச்சுப்படியை இழுத்து வைத்துக்கொண்டு, வாசித்த வரியையே மறுபடி மறுபடி வாசித்தேன். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வந்து நின்றது. யாரோ பெட்டிகளை இறக்கினார்கள். அவள் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.