வாங்கின விலையில் பாதி

காளியண்ணன் எந்தப் பழைய சாமானையும் முதலில் பார்க்க மாட்டார். "வாங்குன வெலை என்னங்க?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் பொருளின் பக்கம் திரும்புவார். அவருடைய மலைக்கிராமத்தில் பழைய சாமான் கைமாறினால் வாங்கின விலையில் பாதி. ஒரு வருடம் ஓடியதோ பத்து வருடம் ஓடியதோ, அது கணக்கில் கிடையாது. பங்காளிகள் பேரம் பேசிப் பகையாகிவிடக் கூடாது என்று யாரோ எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு. குறை இருந்தால் விற்கிறவன் தன் வாயால் சொன்னால் மட்டும் விலை இறங்கும். அப்படி எவனும் இதுவரை சொன்னதில்லை.

மலை ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்த பிரிசில்லாவுக்குக் கரூருக்கு மாற்றல் வந்திருந்தது. அங்கே பார்த்திருந்த மாடி வீட்டில் இரண்டே அறைகள். சாமான் ஏற்ற முள்ளுக்குறிச்சியிலிருந்து வரவிருந்த குட்டியானை வண்டிக்காரரோ, வளைவுகளில் சரியும், உயரமாக எதையும் அடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே பாதி வீட்டை மலையிலேயே விற்றாக வேண்டும். மிளகு விற்ற பணத்தோடு அதே மலையின் ஆலத்தூர் நாட்டுப் பகுதியிலிருந்து காளியண்ணனும் அவர் மனைவி கண்ணாயியும் வந்திருந்தார்கள். சாமான் தூக்குவதற்குக் கண்ணாயியின் தம்பி பூபதி.

கட்டில் உடனே முடிந்தது. கிரைண்டரில்தான் சிக்கல். அது பிரிசில்லாவின் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் கொடுத்தது.

"ஓசில வந்ததுங்களா?" கிரைண்டர் பக்கம் திரும்பப்போன காளியண்ணன் அப்படியே நின்றுவிட்டார். "அப்ப பாதிய எப்புடிங்க போடுறது?"

"நீங்களே ஒரு விலை சொல்லுங்களேன்."

"நானா எப்புடிங்க சொல்றது சிஸ்டரு? வெலை பொருளோடயே வரோணும்."

பிரிசில்லா அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவன் சொன்ன தொகை, இத்தனை வருடமாக அவள் நினைத்திருந்ததைவிட மிகவும் குறைவு. அதில் பாதியை வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டாள்.

அவளுடைய கணவர் ஆரோக்கியராஜ் ஜன்னலோரம் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அடுத்ததாக விற்கப்போவது தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை என்பது அவருக்குத் தெரியும். பழுப்பு நிறத்தில், மெத்தென்று, பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாய்ந்து காலுக்கு அடியில் ஒரு பலகை எழும்பும் நாற்காலி. அலுவலகம் விட்டு வந்ததும் அதில் சாய்வார். ஒரு பக்கம் படிப்பார். பிறகு வெளியே பனி இறங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதே பக்கத்தை மறுபடி படிப்பார். சும்மா இருப்பதற்கு மனிதனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். சும்மா நிற்பவனை எல்லோரும் கடைக்கு அனுப்புகிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் சேலத்திலிருந்து அது வந்து இறங்கியபோது, "எவ்வளவு?" என்று பிரிசில்லா கேட்டாள். ஆரோக்கியராஜ் யோசித்தார்.

"மூவாயிரம் இருக்குமா?"

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நாலு? என்னங்க, ஆறாயிரமா!" அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு இருமல் வந்தது. அத்துடன் விலை ஆறாயிரம் என்று முடிவாகிவிட்டது. "ஆறாயிரம் ரூபாய்க்கு வீட்டுக்குள்ள ஒரு எருமை" என்று அன்றிலிருந்து அவள் சொல்லிவந்தாள். துவைத்த துணிகளைக் கொண்டுவந்து அதன்மேல்தான் போடுவாள்.

"அந்தப் பெரிய சேரு என்ன வெலைங்க?" காளியண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆறாயிரம். நீங்க மூவாயிரம் குடுங்க" என்றாள் பிரிசில்லா. "என்னங்க, எந்திரிங்க. அவர் உக்காந்து பாக்கட்டும்."

ஆரோக்கியராஜ் எழுந்தார். காளியண்ணன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பூபதி பிடியை இழுக்க, மாமனின் கால்கள் இரண்டும் மேலே போயின.

"ஐயையோ, புடிங்கடா!"

"பயப்படாதீங்க மாமா. அவ்வளவுதான், இனி போகாது."

"அதும்பாட்டுக்குத் தூக்குதேடா." அவர் மெல்லத் தலையைச் சாய்த்தார். முகம் இளகியது. "நல்லாத்தான் இருக்குது கண்ணாயி."

"இருக்கும், இருக்கும். இதுல படுத்துட்டா காட்டுக்கு யாரு போறது?"

காளியண்ணனின் கை சட்டைப் பைக்குப் போவதை ஆரோக்கியராஜ் பார்த்தார். ஏதாவது செய்தாக வேண்டும்.

"சாயும்போது சத்தம் வரும்" என்றார்.

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பேச வரும் என்பதே கண்ணாயிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சத்தமுங்களா? அப்ப எரநூறு கொறைச்சுக்கலாமுங்க" என்றார் காளியண்ணன்.

"பிடி இறுகிப்போச்சு. மழைக்காலத்துல நகரவே நகராது."

"அதுக்கொரு முந்நூறு. ரெண்டாயிரத்து ஐநூறு. நல்ல மனுசனுங்க நீங்க. ஒளிக்காம சொல்றீங்க."

பிரிசில்லா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு வருசமா வாயத் திறக்காதவரு, இன்னைக்குத்தான் திறக்கணுமா?"

இன்னொரு குறையைச் சொன்னால் நாற்காலி இன்னும் மலிவாகத்தான் போகும் என்பது ஆரோக்கியராஜுக்குப் புரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். காளியண்ணன் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

பூபதி செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். எதைப் பார்த்தாலும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவனுடைய தொழில் பழக்கம். நாற்காலியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் பிடித்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நெட்வொர்க் பிடித்தான்.

"மாமா, எண்ணுறத நிறுத்துங்க."

"ஏன்டா?"

"இதே சேருதான். இதே கலரு. பதினெட்டாயிரத்து ஐநூறு போட்டிருக்குது."

காளியண்ணன் சூடுபட்டவர் போல எழ முயன்றார். கால் பலகை இறங்காததால் முடியவில்லை. பூபதிதான் தூக்கிவிட்டான்.

"பதினெட்டாயிரத்துச் சாமானை ரெண்டாயிரத்து ஐநூறுக்கு யாருங்க குடுப்பாங்க?" பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுல என்னமோ இருக்குதுங்க."

"சிஸ்டரு ஊடு" என்று கண்ணாயி குரலைத் தாழ்த்தினாள். "சீக்காளி யாராச்சும் இதுல சாஞ்சு, அப்படியே போயிட்டாங்களோ என்னமோ."

"ஏனுங்க, அப்படிங்களா?" காளியண்ணன் தன் வேட்டியின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டார்.

"யாரும் சாகல" என்றாள் பிரிசில்லா. "இன்னும் சாகல." அவள் கணவரின் பக்கம் திரும்பியிருந்தாள். "என்னங்க, பதினெட்டாயிரமா?"

ஆரோக்கியராஜ் யோசித்தார்.

"இருமாதீங்க."

"ஐநூறு" என்றார் அவர். "பதினெட்டாயிரத்து ஐநூறு."

"பணம் ஏது?"

"சம்பள அரியர்ஸ் வந்தது."

"அந்த வருசம் அரியர்ஸே வரலைன்னு சொன்னீங்க!"

"நான் அப்படிச் சொல்லலை."

"ஆமா. நீங்க எதையுமே சொல்லலை."

ஆரோக்கியராஜ் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

நோயாளி யாரும் இல்லை, புருசன் மறைத்த விலைதான் விவகாரம் என்று தெரிந்ததும் காளியண்ணனின் பயம் போய்விட்டது. அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். முன்பு பார்க்காத கைப்பிடித் தையலைப் பார்த்தார். மெத்தையை ஒரு விரலால் அழுத்தினார்.

"ஒம்பதாயிரத்து எரநூத்தம்பதுங்க" என்றார்.

"ரெண்டாயிரத்து ஐநூறுக்கே யோசிச்சீங்களே மாமா?" என்றான் பூபதி.

"அது ஆறாயிரத்துச் சேருடா. இது பதினெட்டாயிரத்துச் சேரு. எங்கூர்ல எவன் ஊட்டுல இருக்குது?"

"சத்தம் வருமாமே?"

"வந்தா வருது. வெலை ஒசந்த சாமான் சத்தம் போடத்தான் செய்யும்."

கண்ணாயியும் இப்போது நாற்காலியின் முதுகை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். "காட்டுக்குப் போயிட்டு வந்து சாஞ்சுக்கலாந்தானுங்க" என்றாள்.

ஒன்பதாயிரம் என்றால் பிரிசில்லா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள் என்று ஆரோக்கியராஜ் நினைத்தார். கடைசியாக ஒருமுறை நாற்காலியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் பார்வையைப் புதைத்தார். எழுத்துகள் நிற்கவில்லை.

"கண்ணாயி, கொஞ்சம் நகரும்மா" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தார்.

பிரிசில்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு பிடியை இழுத்தாள். பிடி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக வார்டில் நின்ற அவளுடைய கால்கள் மேலே உயர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியே வந்த காற்று அவள் நெற்றி முடியைக் கலைத்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து, "பதினெட்டாயிரம் குடுத்து வாங்கின சாமானை யாராவது பாதிக்கு விப்பாங்களா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இது கரூருக்கு வருது."

"வண்டியில இடம்?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அந்த மூலையில உங்க மேசையும் ஸ்டூலும் இருக்கே, அதுங்க என்ன விலை?"

அவர் யோசிக்கவில்லை. உடனே சொன்னார். காளியண்ணன் பாதியைக் கொடுத்து இரண்டையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

கரூர் வீட்டில் நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது. அதன்மேல் துணி போடப்படுவதில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் பிரிசில்லா அதில் சாய்ந்துவிடுகிறாள். அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரோக்கியராஜ் படிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் நாற்காலியின் விலையைச் சொல்கிறாள். பிறகுதான் காபி. கீழ் வீட்டுக்காரம்மாவுக்கு அது இருபதாயிரமாக இருந்தது. பிரிசில்லாவின் அண்ணன் வந்தபோது இருபத்தைந்து. போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வந்தவர்களிடம் முப்பது என்றாள்.

"முப்பதா?" என்று அவர்கள் ஆரோக்கியராஜைப் பார்த்தார்கள்.

அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.