சின்ன லைட்டு

மருதையனுக்குச் ‘சின்ன லைட்டு’ என்று பேர் வைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

மன்னார்குடியில் கார் எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பேர் அன்சார், ஊருக்கு வெறும் பாய். இந்தக் காலத்து வண்டிகளை நான் தொடுவதில்லை. கம்ப்யூட்டரைச் செருகி, அது சொல்வதற்குத் தலையாட்ட நான் எதற்கு? என்னிடம் வருவதெல்லாம் பழைய அம்பாசடர், பழைய பியட், பழைய ஜீப். டாஷ்போர்டு விளக்கு எரியாது, ஹெட்லைட் சுவிட்ச் சூடேறிக் கருகும், ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடும். வண்டிக்காரர்கள் என் வாய்க்குப் பயந்துகொண்டே வருவார்கள். ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள்.

வடுவூர்ப் பக்கம் நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் சிங்காரவேலு ஐயாவின் அம்பாசடரும் அப்படித்தான் வரும். அறுபத்தெட்டாம் வருட வண்டி. சுற்றுப்பட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பூச்சரம் கட்டிக்கொண்டு அதுதான் போகும். முப்பது வருடமாக அதை ஓட்டுகிறவர் மருதையன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

டைனமோ வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மெதுவாகப் போகும்போது டைனமோ கரண்டு கொடுக்காது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பேட்டரி இறங்கி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். அதனால் இருட்டிய பிறகும் பார்க்கிங் விளக்கை, அதாவது சின்ன லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். எதிரே ஏதாவது வந்தால் பெரிய லைட்டை ஒரு தரம் காட்டிவிட்டு அணைத்துவிடுவார்கள். அந்த வண்டியில் டைனமோவைக் கழற்றி, மெதுவாகப் போனாலும் கரண்டு கொடுக்கிற ஆல்டர்நேட்டர் மாட்டி எட்டு வருடம் ஆகிறது. மாட்டியவன் நான். மருதையன் மட்டும் மாறவில்லை.

“அண்ணே, இது கல்யாண வண்டியா, திருட்டு வண்டியா? பெரிய லைட்டப் போட்டா ஒங்க சொத்தா கொறையுது?” என்று டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் கேட்டேன்.

“முள்ளு தெரியலியே பாய்” என்றார் அவர். “டாஷ்போர்டுல ஒரே இருட்டு. சார்ஜ் ஏறுதா எறங்குதான்னு எப்புடிப் பாக்குறது? நின்னுபோச்சுன்னா மாப்புள்ளய எறங்கித் தள்ளவா சொல்றது?”

“சரிதான், சின்ன லைட்டு” என்றேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் அவருடைய பேர். உரக்கடையில், ரைஸ்மில்லில், கல்யாண மண்டபத்தில், எங்கே போனாலும் “சின்ன லைட்டு வந்தாச்சு” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வேறென்ன செய்வார்?

போன ஐப்பசியில் ஹெட்லைட் சுவிட்ச் கருகி வண்டி என் பட்டறைக்கு வந்தது. சுவிட்சை மாற்றினேன். மாற்றும்போது அந்த முள் ஞாபகம் வந்தது. டாஷ்போர்டு பல்புக்குப் புது ஹோல்டர் வைத்தேன். அதற்குக் கரண்டை எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்தே தட்டி எடுத்தேன். பெரிய லைட்டைப் போட்டால்தான் முள் தெரியும், சின்ன லைட்டில் தெரியாது. இனிமேல் மனுஷன் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

இன்னொன்றும் செய்தேன். அந்த வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடி பியூஸ் மாட்டினேன். இரண்டு ஹெட்லைட்டுக்கும் டாஷ்போர்டு பல்புக்கும் சேர்த்து ஒரே பியூஸ். டேப் சுற்றி, அது வெயிலில் பிசுபிசுத்து அவிழாமல் இருக்க வழக்கம்போல் மேலே வெள்ளை நூல் கட்டினேன். இந்த ஜில்லாவில் டேப்புக்கு மேல் நூல் கட்டுகிற எலெக்ட்ரீஷியன் நான் ஒருத்தன்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று மாலை பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மருதையனுக்கு முகமெல்லாம் பல். “முள்ளு ஏறுது பாய், நல்லா ஏறுது. இனிமே பெரிய லைட்டுதான்” என்றார். சொன்னபடியே மூன்று மாதம் பெரிய லைட்டைப் போட்டுத்தான் ஓட்டினார். அதை யாரும் கவனிக்கவில்லை. வைத்த பேர் வைத்தபடியே இருந்தது.

தை கடைசியில், சம்பா அறுவடை உச்சத்தில், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்து ஆறே முக்கால் மணிக்குத் தங்கம்மாள் என்ற கூலிக்காரப் பெண்மணி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை ஏற்றிக்கொள்ளத் தனியாகப் போன மருதையன் அந்தக் குவியலில் ஏறி அவரையும் இடித்துவிட்டார். தங்கம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி வயலில் குனிந்து நடவு நடுவாரா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

“பெரிய லைட்டு போட்டுத்தான் வந்தேன். திடீர்னு ரெண்டும் செத்துப்போச்சு” என்று மருதையன் ஸ்டேஷனில் கெஞ்சியிருக்கிறார். பார்த்தவர்கள் மூன்று பேரும் சொன்னது ஒன்றே: “சின்ன லைட்டு மட்டுந்தான் எரிஞ்சுது. அந்தாளு எப்பவும் அப்படித்தானே ஓட்டுவாரு.” பிறகு யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. கிழவன் பழைய புத்தியைக் காட்டிவிட்டான் என்று டீக்கடையில் உட்கார்ந்து நானும் சொன்னேன்.

நாலாம் நாள் காலையில் சிங்காரவேலு ஐயா பட்டறைக்கு வந்தார்.

“பாய், பதினோரு மணிக்கு வண்டிய இன்ஸ்பெக்ஷன் பண்ண வர்றாங்க. பேட்டரி படுத்துருச்சு, லைட்டும் எரியல. இடிச்சதுல ஒயர் ஏதாச்சும் கழண்டிருக்கும். ஸ்டேஷன்ல ஏட்டம்மாகிட்ட பேட்டரி மாத்தணும்னு சொல்லிட்டேன். அப்புடியே லைட்டையும் எரிய வச்சுடுங்க.”

“லைட்டு எரிஞ்சா மருதண்ணன் பாடு என்ன ஆவுறது ஐயா?”

“எரியாட்டி என் பாடு என்ன ஆவுறது? ஓட்டை வண்டிய ரோட்டுல விட்டேன்னு என் மேல வரும். அவன் செஞ்சத அவன்தானே பாத்துக்கணும்?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. முப்பது வருடம் ஓட்டியவரை இப்படிக் கைகழுவுகிறாரே என்று. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷன் பின்புறம், பிடிபட்ட மணல் மாட்டுவண்டிகளுக்கும் ஒரு டிராக்டருக்கும் நடுவே அம்பாசடர் நின்றது. இடது ஹெட்லைட் கண்ணாடி நொறுங்கியிருந்தது. பம்பர் இடுக்கில் நெல்மணிகள். மருதையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஜாமீன் கொடுத்திருந்தாலும் தினம் காலையில் வந்து உட்கார வேண்டும். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

புதுப் பேட்டரியை மாட்டி, சீட்டில் மல்லாந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். டார்ச் அடித்ததும் வெள்ளை நூல் தெரிந்தது. நூலை அறுத்தேன். பியூஸ் உள்ளே கரிப்பிடித்துப் போயிருந்தது. டாஷ்போர்டு பல்புக்கு நான் இழுத்த ஒயர் தகரத்தின் விளிம்பில் உரசி, மேல்தோல் போய், செம்பு பளபளத்தது. இடித்ததில் வந்த உரசல் இல்லை அது. மூன்று மாதம் ஓடி ஓடித் தேய்ந்த உரசல். செம்பு தகரத்தைத் தொட்ட நொடியில் பியூஸ் போயிருக்கிறது, அதோடு இரண்டு ஹெட்லைட்டும் போயிருக்கின்றன. சின்ன லைட்டுக்கு வேறு லைன், அதனால் அது மட்டும் எரிந்திருக்கிறது.

மருதையன் பொய் சொல்லவில்லை. தங்கம்மாளின் காலை முறித்தது என் ஒயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த நொடியே, இது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது. என் கை தானாகவே வேலை செய்தது. ஒயருக்கு டேப் சுற்றினேன். புதுப் பியூஸ் போட்டேன். கரிந்த பியூஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சுவிட்சைத் திருப்பினேன். வலது ஹெட்லைட் எரிந்தது, டாஷ்போர்டும் எரிந்தது, முள் தெரிந்தது.

“அப்பாடா” என்றார் சிங்காரவேலு ஐயா.

மருதையன் வண்டிக்கு முன்னால் வந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலில் மங்கலாகத்தான் தெரிந்தது. சுவிட்ச் இருக்கும் இடத்தில் வைப்பதுபோல் வலது கையைக் காற்றில் நீட்டி, விரல்களை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

“எரியுதே பாய்” என்றார். “அப்ப நான்தான் போடலியா? பழக்கதோசத்துல அணைச்சுட்டனா? போட்ட மாதிரிதான் நெனப்பு இருக்கு... முள்ளக்கூடப் பாத்தேன்... ஊரே சொல்றாங்களே, நான்தான் போட்டிருக்க மாட்டேன். அந்தம்மா கால ஒடச்சுட்டேனே!”

குந்தி உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுதார். அறுபத்திரண்டு வயது மனுஷன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணே, எந்திரிங்க. நீங்க போட்டீங்க. நீங்க போட்டுத்தான் வந்தீங்க” என்றேன். மறுபடியும் டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்து, புதுப் பியூஸைப் பிடுங்கினேன். ஒயரில் சுற்றிய டேப்பைக் கிழித்தேன். கரிந்த பியூஸை எடுத்து மருதையன் கையில் வைத்தேன். “இது நான் மாட்டுனது. எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு மாட்டுனேன். அது போயித்தான் லைட்டு செத்துச்சு.”

அவர் அந்தக் கண்ணாடிக் குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. சிங்காரவேலு ஐயாதான் பேசினார், என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஏட்டம்மா ஜெயபாரதி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். லைட்டை எரிய வைத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கியதையும் மறைக்காமல் சொன்னேன். பேட்டரி என்று சொல்லிவிட்டு டாஷ்போர்டைக் குடைந்ததற்காகக் கத்தினார். பியூஸை ஒரு கவரில் போட்டு ஒட்டினார். பிறகு முழு வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினார்.

“ஒங்க கையால எழுதிக் குடுங்க பாய். ஒங்க மேலயும் கேஸ் வரலாம். யோசிச்சுக்கிட்டீங்களா?”

“யோசிச்சா எழுத மாட்டேன். சொல்லுங்க.”

பேர், அப்பா பேர், தொழில் எழுதினேன். மருதையன் வாசற்படி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “மேற்படி வண்டியை ஓட்டிய மருதையன்” என்று எழுதினேன். ஏட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“அப்படி எழுதாதீங்க. எப்.ஐ.ஆர்.ல உள்ள மாதிரியே பேரு வரணும். இல்லாட்டி வேற ஆளும்பாங்க.” பைலைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.

சாட்சிகள் சொன்ன பேரை அப்படியே ஏற்றியிருந்தார்கள். அதை அடித்துவிட முடியாதா என்று கேட்டேன். ஒருதரம் ஏறினால் ஏறினதுதான் என்றார். கேஸ் முடியும்வரை கோர்ட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பியூஸைப் பார்த்த பிறகு மருதையன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “எழுதுங்க பாய். நீங்க வச்ச பேருதானே.”

நான் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே எழுதினேன்: சின்னலைட்டு என்கிற மருதையன்.