ஒரே ஒரு லாரியைப் பிடித்த மூடுபனி

கோடை உச்சத்தில், கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வானம் பளிச்சென்று இருந்த ஒரு காலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் மனைவி ஓட்டிய லாரியை மட்டும் மூடுபனி பிடித்துக்கொண்டது. முன்னால் போன பேருந்துக்கு அது இல்லை, பின்னால் வந்த பால்வண்டிக்கும் இல்லை. அவள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, பஞ்சு மூட்டைக்குள்ள ஓட்டுற மாதிரி இருக்கு. அங்க என்ன பண்ணி வச்சீங்க?" வானத்தின்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கடைக்காரன் பகலில் கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பான், மிச்ச நேரத்தில் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் வண்டிகளை ஒட்டுவான். ஒட்டியதைவிட வாங்கி அடுக்கியதுதான் அதிகம். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் டிராக்டர்களும் தீயணைப்பு வண்டிகளும் பிரிக்கப்படாமல் கிடந்தன. மகளோடு வந்து தங்கிவிட்ட மாமியார், "மாப்ளே, இதெல்லாம் ஒட்டி முடிக்க இன்னொரு ஜென்மம் வேணும். அப்பவாவது என் பொண்ணை விட்டுடுங்க" என்பாள். மனைவி ஓட்டும் அதே ரக லாரி, உள்ளங்கைக்குச் சற்றே பெரிய அளவில், ஒருநாள் அவனுக்குக் கிடைத்தது. பம்பருக்கு விளையாட்டாகச் சிவப்பு அடித்தான். அன்று மாலை அவள் சிவப்புப் பம்பரோடு வந்து இறங்கினாள். வீட்டில் அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. பக்கக்கண்ணாடி உடைந்தால் அவள் மெக்கானிக்கைத் தேடாமல் கணவனிடம் சொன்னாள். டீசல் தொட்டியை அவன் ஒட்டிய நாளிலிருந்து டீசலும் குறையவில்லை. சின்ன லாரியின் தொட்டி கெட்டிப் பிளாஸ்டிக், காலியாவதற்கு அதில் இடமே இல்லை.

வந்த வினை முன்கண்ணாடியில் வந்தது. கண்ணாடியாக வரும் பிளாஸ்டிக் துண்டை நிதானமாகக் காயும் வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும், நொடியில் பிடிக்கும் பசையின் ஆவி பட்டால் அது பால்போல் வெளுத்துவிடும் என்று கடைக்கு வரும் சக பித்தர்களுக்கெல்லாம் அவன் பாடம் எடுத்திருக்கிறான். அன்று வெள்ளைப் பசை புட்டியிலேயே இறுகிக் கிடந்தது. ஒரு சொட்டுதானே என்று மற்றதைத் தொட்டான். இதை அவன் போனில் சொன்னான். "ஊருக்கெல்லாம் உபதேசம். பொண்டாட்டி வண்டிக்கு மட்டும் அவசரப் பசை" என்றாள் அவள்.

வில்லைக்கு மெருகேற்றும் களிம்பால் சின்ன லாரியின் கண்ணாடியை வெளிப்பக்கம் தேய்த்தான். வெளுப்பு உள்பக்கத்தில் இருந்தது, கூரையை ஒட்டியாகிவிட்டதால் விரல் போகவில்லை. மாற்றுக் கண்ணாடிக்குத் தேடியபோது, அதே லாரிப் பெட்டி வேறோர் ஊரில் ஒருவரிடம் இருந்தது. முத்திரையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று அவர் கதவை மூடிக்கொண்டார். மழைக்காலம் வந்து போனது. அவள் நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஹாரன் சத்தத்தை வைத்து வழிப்போக்கர்கள் பனிக்குள் கைவிட்டுச் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். ஊர்ப்பெயர் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஏற்றிய வெங்காயம் முளைவிட்டு, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பச்சைப் பசேலென்று வளர்ந்தது. கடைக்காரன் இளைத்துப்போனான். புதுப் பெட்டி எதையும் வாங்கவில்லை.

கடைசியில் மாமியார்தான் சொன்னாள். "கண்ணாடியே வேண்டாம், பேத்துடுங்க. காத்து மூஞ்சில அடிக்கும், அவ்ளோதானே?" பேர்க்கும்போது விரிசல் விட்டால் அது மகளின் முகத்தில் தெறிக்கும் என்று அவன் சொன்னதும், கிழவி அவன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் மனைவிக்குப் போன் போட்டு, இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னான்.

"இறங்கினா அப்புறம் வண்டியை எங்கன்னு தேடுவேன்? உள்ளேயே இருக்கேன். கண்ணை மூடிக்கறேன், நீங்க மூடிக்காதீங்க."

மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்தான். பிளாஸ்டிக் முனகியது. பல் விழுவதுபோல் ஒரு சின்னச் சத்தத்தோடு கண்ணாடி முழுசாகக் கையில் வந்தது. அவன் போனைக் காதில் அழுத்தினான்.

"ஏய், இருக்கியா?"

"வெயிலு" என்றாள் அவள். "கடல் தெரியுதுங்க. இத்தனை நாளா கடலோரமாவா ஓட்டிட்டிருந்தேன்?"

தலைமுடியில் பூச்சிகளோடும் லாரியின் முதுகில் ஒரு வெங்காயத் தோட்டத்தோடும் அவள் வீடு வந்து சேர்ந்தாள். லாரிக்கு அதன்பின் முன்கண்ணாடி நிற்கவில்லை. மெக்கானிக் மாட்டுவான், தெருமுனை தாண்டுவதற்குள் அது கழன்றுவிடும். ஆனால் மழை உள்ளே வருவதில்லை, சின்ன லாரி அலமாரியில் நனையாமல் இருக்கிறது. அவள் பழையபடி தூர ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறாள், வழியில் எங்காவது நிறுத்திப் போன் போடுகிறாள். "அலமாரியைத் துடைச்சு எவ்ளோ நாளாச்சு? தும்மி மாளல." கடைக்காரன் வில்லை தேய்ப்பதை நிறுத்துவதற்குள் மாமியார் எழுந்து, பெயிண்ட் அடிக்கும் பிரஷ்களில் மெத்தென்ற ஒன்றை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போகிறாள்.